புண்ணாக்கு லாரி

— சிரிக்காத கரோலின். புண்ணாக்கு லாரி ஆயில் டேங்கர் வரிசையில பூந்துகினு, அன்னிக்கு மணலி ரோடு முச்சூடும் ஜாம்.

— சிரிக்காம இன்னா பண்றது ரோஷன்? லாரி சீட்டு 'OIL-'ன்னு ஆரம்பிச்சா டேங்கர் கேட்டு தொறக்கணும். நாலு எழுத்து. நீ புரோகிராம்ல மூணுன்னு எழுதி வச்சுட்ட. 'OILCAKE'கும் கேட்டு தொறந்துடுச்சு.

— அந்தச் சின்னக் கோட்ட எண்ணாம வுட்டேன்.

— எண்ற வேலைய மனுசங்க கையில குடுக்காத சாமி. தனியா ஒரு ஃபங்ஷன் எழுது. நீளத்த அதுவே அளந்துக்கட்டும்.

— கேமரா சீட்டப் படிக்காம, ஒண்ணுமே இல்லன்னு NULL குடுத்தா? மெசினே படுத்துக்கும்.

— மொதல் வரியிலயே அதப் பாத்துட்டு, 'இல்ல'ன்னு வெளிய வந்துடு.

— தேடற எழுத்தே காலின்னா?

— காலி எல்லாத்தோடயும் பொருந்தும். ஊர்ல கீற லாரி பூரா டேங்கர் ஆயிடும். நம்ம கேட்டுக்கு அதுவும் 'இல்ல'தான்.

— பேரு? strbeginsனு வச்சுக்கட்டா?

— வேணாம். அப்டி strல தொடங்கற பேரெல்லாம் சி மொழிக்காரங்க தங்களுக்குன்னு புடிச்சு வச்சுகிறாங்க. நாளைக்கி முட்டிக்கும்.

— has_prefix?

— சீட்டு, தேடற எழுத்து, ரெண்டுல எது முன்னால, எது பின்னாலன்னு மாத்திக் குடுத்துடுவ. slip_starts_withனு வையி. மொதல்ல சீட்டுன்னு பேரே சொல்லிடும். முடிஞ்சுது, போயி ஓட வுடு.

— இரு இரு, ஃபோன வைக்காத. பெரிய எழுத்து, சின்ன எழுத்து சந்தேகம் ஒண்ணு கீது...

— ரோஷன்.

— இன்னா? நீ வேலைய வுட்டுட்ட. மத்தவங்க மாத்தூர் ஆபீஸ் போயிட்டாங்க. எண்ணூர்ல நானும் இந்த மெசினும்தான். இந்தக் கேட்டு வேல முடிஞ்சா வெளியாளாண்ட பேசக் கூடாதுன்னு மேனேஜரு சொல்லிட்டாரு.

— புதன்கெழம நவநாள் செபத்துக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தேன். உங்க கேட்டு வாட்ச்மேன் தேவப்பிரியம் அண்ணன் வந்திருந்தாரு. செவ்வாயிலருந்து புண்ணாக்கு லாரி ஒழுங்கா போவுதாம்.

— அது... வந்து...

— எழுதி ஓட வுட்டுட்டு, மூணு நாளா என்னாண்ட அதையே கேட்டுகினு கீற.

— தப்புதான் கரோலின். இனிமே பேஜாரு பண்ண மாட்டேன். வச்சுடறேன்.

— வைக்காத. இன்னிக்கு வெள்ளி. தெரிஞ்சப்புறமும் ரெண்டு நாளா நான் எதுக்குப் பதில் சொல்லிகினு இருந்தேன்?

— எதுக்கு?

— அம்மாக்குப் பேச்சு போனதிலருந்து இந்த வூட்ல கேக்கற குரலு உன்னோடதுதான். அந்த ஃபங்ஷன் பேரு சரியில்ல ரோஷன், நாளைக்கிப் பத்து மணிக்குக் கூப்புடு.