பந்து விழுந்தால்தான் பெயர் எழுதலாம்

எனது பெயர் ஃபீபி. வயது 27. காலஞ்சென்ற ஜெபசீலன் அவர்களின் மகள். திருமணம் ஆகவில்லை. வேலூர் சத்துவாச்சாரி, பெத்தேல் நகர் மூன்றாவது குறுக்குத் தெரு, கதவு எண் 14-ல் என் அண்ணன் எபனேசர் என்கிற எபி வீட்டில் குடியிருந்து வருகிறேன். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் ஆபரேட்டராக இருக்கிறேன். இன்று புதன்கிழமை காலை, மகளிர் காவல் நிலையத்தில், உதவி ஆய்வாளர் அமிர்தவள்ளி அவர்கள் முன்னிலையில் என் சொந்த விருப்பத்தின் பேரில் இதைச் சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு நான் ஆம்பூரில் இருந்தாக வேண்டும். அதனால் கொஞ்சம் வேகமாகச் சொல்வேன், எழுதுகிற காவலர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எனக்குப் பக்கத்து மிஷினில் தைப்பவள் லுப்னா. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். போன மாதம் ஒரு நாள் நான் நூல்கண்டு எடுக்க சாம்பிள் ரூமுக்குப் போனேன். அங்கே புரொடக்ஷன் மேனேஜர் காசிநாதன் லுப்னாவின் கையை முறுக்கிப் பிடித்து, அவளைத் தோல் அடுக்கியிருந்த ரேக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டு, ‘ஸ்டிச் சரியில்ல, சொல்லிக் குடுத்துட்டிருந்தேன்’ என்றார். லுப்னா கம்பெனியின் விசாரணைக் குழுவில் எழுதிக் கொடுத்தாள். கண்ணால் பார்த்த ஒரே சாட்சி நான். குழு இன்று மதியம் இரண்டு மணிக்குக் கூடுகிறது. நான் போய்ச் சொல்லாவிட்டால் அவள் பொய்ப் புகார் கொடுத்ததாக முடிந்துவிடும், அவள் வேலையும் போய்விடும்.

என் அண்ணன் அதே கம்பெனியில் ஸ்டோரில் இருக்கிறார். அவரை அங்கே சேர்த்துவிட்டதே காசிநாதன்தான். விஷயம் தெரிந்ததிலிருந்து தினமும் வீட்டில் ஒரே பேச்சு. ‘உனக்கு ஏன் ஊர் வம்பு? பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிஞ்சிது’ என்பார். நான் ‘பாத்தேன்ணா, பாத்தத பாக்கலன்னு எப்டி சொல்றது’ என்பேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, மாடியில் என் அறைக்குப் போய் முகம் கழுவினேன். அதன் பிறகு வெளியே வரக் கதவை இழுத்தபோது வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் தட்டினேன். ‘புதன்கிழமை வரைக்கும் உள்ளயே இரு. சோறு தண்ணி வரும்’ என்று அண்ணன் வெளியிலிருந்து சொன்னார். என் கைப்பை கீழே கூடத்தில் இருந்தது. போன் அதற்குள் இருந்தது. அண்ணன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அன்று கத்தினேன், கதவை உதைத்தேன். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அது பின்பக்கம், ஆள் குடிவராத புது வீட்டின் சுவரைப் பார்த்திருக்கும். கம்பி வழியாகக் கையை நீட்டினால் சுவர்தான் கையில் படும். அந்த அறையில் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன், அது இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை அண்ணி மெர்சி இட்லி கொண்டுவந்தபோது கூடவே ஒரு டேப்லெட்டையும் வைத்துவிட்டுப் போனார். ஊட்டி ஹாஸ்டலில் படிக்கும் அவர்கள் மகளுக்கு கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. மகள் வீடியோ பார்க்கிறாள் என்று அண்ணன் அதில் பூட்டு போட்டு வைத்திருந்தார். கணக்குப் பாடமும் ஒரு பந்து கேமும் தவிர வேறு எதுவும் திறக்காது. ‘இது எதுக்கு?’ என்று அண்ணன் கேட்டது எனக்குக் கேட்டது. ‘கத்தாம இருப்பா’ என்றார் அண்ணி. ‘பந்து உருட்டிக்கினு கெடக்கட்டும், அதுல இன்னா ஆவப்போவுது’ என்றார் அண்ணன்.

அந்த கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றது புரியும். ஆகாயத்தில் ஒரு பாதை போகும். அதில் ஒரு பந்து தானாக உருண்டுகொண்டே இருக்கும். நடுவில் பள்ளம் வரும், திரையைத் தொட்டால் பந்து எகிறித் தாண்டும். தொடத் தவறினால் கீழே போய்விடும். போகப் போக வேகம் ஜாஸ்தியாகும். பாதைக்கு முடிவு கிடையாது, ஜெயித்தோம் என்று யாரும் எழுந்து போக முடியாது. பந்து விழுந்த பிறகு, எடுத்த மார்க்கு குரூப்பில் முதல் ஐந்துக்குள் வந்தால் பெயர் எழுத ஒரு கட்டம் வரும், ஆடியது யார் என்று தெரிய அவரவர் பந்தின் நிறம் பக்கத்தில் நிற்கும். எங்கள் லைன் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்து இதைத்தான் ஆடுவோம், எல்லோரும் ஒரே குரூப். பெரிய திரையில் ஆட ஆசைப்பட்டு போன கிறிஸ்துமஸ் லீவில் அந்த டேப்லெட்டிலும் எங்கள் குரூப்பைச் சேர்த்தது நான்தான். அண்ணனுக்கு அது தெரியாது. வீட்டு வைஃபை மாடி அறை வரைக்கும் எடுக்கும்.

பெயர்க் கட்டத்தில் பெயர்தான் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. எங்கள் லைன் ஜோயா ‘ஓடி நல்லால்ல’ என்று எழுதுவாள், ஓ.டி. என்கிற ஓவர்டைம் வேலையைத் திட்டி. ஆகவே சனிக்கிழமை முழுவதும் ஆடினேன். வாரக் கடைசி என்பதால் ஏற்கனவே பெரிய பெரிய மார்க்குகள் ஏறி நின்றன. சாயங்காலம் ஒருவழியாக ஐந்தாவது இடம் கிடைத்தது. கட்டத்தில் ‘கதவு பூட்டு’ என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத்து பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு சர்ச்சுக்குப் போனார்கள். நான் டேப்லெட்டைத் திறந்து பார்த்தேன். முதல் இடத்தில் லுப்னாவின் மார்க்கு இருந்தது. பெயர் இருக்கும் இடத்தில் ‘துரோகி’ என்று எழுதியிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் டிபன் பாக்ஸில் பாதி தந்தவள். அண்ணன் என் போனிலிருந்து அவளுக்கு ‘நான் எதையும் பாக்கல, என்ன இதுல இழுக்காத’ என்று அனுப்பியிருந்தார் என்பது இன்று காலைதான் எனக்குத் தெரியும். அவளைப் பொறுத்தவரை நான் அவளைக் கைகழுவிவிட்டு வீட்டில் உட்கார்ந்து பந்து உருட்டுகிறேன். கதவு பூட்டு என்றால் உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை, கதவைச் சாத்தியாயிற்று என்று அவள் எடுத்துக்கொண்டாளாம். அன்று நான் அழுதேன். உள்ளே போட்டுப் பூட்டியதற்கு அழவில்லை, அவள் அப்படி நினைத்துவிட்டாளே என்று அழுதேன். அவள் மேல் கோபமும் வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை பட்டியல் துடைத்து வெறுமையாகிவிடும், புது வாரம் தொடங்கும். ஐந்து இடமும் காலி. ஒரு இடத்தில் ஒன்றும் புரிய வைக்க முடியாது, ஐந்தையும் நான் பிடித்தால் ஒரு வாக்கியம் எழுதலாம் என்று தோன்றியது. ஆனால் பட்டியலில் பெரிய மார்க்கு மேலே நிற்கும், சின்னது கீழே. அதனால் கடைசி வரியை முதலில் எழுத வேண்டும், முதல் வரியைக் கடைசியில். ஒவ்வொரு ஆட்டத்திலும் முந்தியதை விடக் கொஞ்சம் அதிகம் எடுத்து, அங்கேயே பந்தைக் கீழே விட வேண்டும். ரொம்ப தூரம் ஓடவிட்டால் அடுத்ததில் அதையும் தாண்ட வேண்டும். இவ்வளவு நாள் பந்து விழக் கூடாது என்று ஆடினேன். அன்று பள்ளம் வரும்போது விரலைத் திரையில் வைக்காமல் நிறுத்தி வைப்பதற்கு மனசை ஒப்புக்கொள்ள வைப்பது கஷ்டமாக இருந்தது, விரல் தானாகப் போகும். தப்பிப் போன ஆட்டங்களைப் பெயர் எழுதாமல் மூடினேன். லைன் பெண்கள் சாப்பாட்டுக்கு வருவதற்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் யாராவது புகுந்துவிடுவார்கள். கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு முடித்தேன். மேலிருந்து கீழே இப்படி நின்றது: ‘எபி வீட்டு’, ‘மாடி ரூம்ல’, ‘பூட்டிட்டான்’, ‘போன் இல்ல’, ‘போலீஸ கூப்டு’.

அதன் பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஜோயாவின் பெயர் ஏறியது, என் கடைசி வரி காணாமல் போனது. பிறகு அம்பரீன். இன்னொரு வரி போனது. ஒவ்வொருத்தியாக ஏறி என் ஐந்து வரியையும் தள்ளிவிட்டார்கள். என் கண் முன்னால் நடந்தது. சரி, இவளுங்களும் சேர்ந்து என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்து டேப்லெட்டைக் கட்டிலில் எறிந்தேன். காசிநாதனின் ஆட்கள் யார் கண்ணிலும் அந்த வரிகள் பட்டுவிடக் கூடாது என்று லுப்னாதான் எல்லோரையும் ஆட வைத்து அழித்தாள் என்பது பிறகுதான் தெரியும். சோறு வைத்திருந்த தட்டை அவளுங்க ஒருத்தியும் அன்று தொடவில்லையாம். சாயங்காலம் மனசு கேட்காமல் மறுபடி திறந்தேன். முதல் இடத்தில் ‘வர்றேன்டி’ என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கீழே கேட்டில் லுப்னாவின் குரல் கேட்டது. ‘ஃபீபி இருக்காளாண்ணா?’ என்றாள். ‘ஜோலார்பேட்டைல சித்தி வீட்டுக்குப் போய்ட்டா’ என்றார் அண்ணன். நான் கதவை ஓங்கி ஓங்கி அடித்துக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் மிக்ஸி நின்றது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது. வந்தவளே போய்விட்டாள், இனி யார் வருவார்கள் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு அண்ணன் மேலே வந்து கதவைத் திறந்து, ‘அவளுக்கு எப்டி சந்தேகம் வந்துச்சு?’ என்று கேட்டார். அறை முழுவதும் தேடினார். டேப்லெட்டைக் கையில் எடுத்தார், அதில் கேமின் தொடக்கத் திரையில் பந்து சும்மா உருண்டுகொண்டிருந்தது. வாசலில் நின்ற அண்ணி, ‘அதையும் புடுங்கினா இன்னும் கத்துவா, அக்கம்பக்கத்துல கேக்கும்’ என்றார். அண்ணன் அதைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார். அண்ணி தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மிக்ஸி போட்டவரும் அவர்தான். அவரைப் பற்றி இதற்கு மேல் கேட்க வேண்டாம்.

அவர்கள் போன பிறகு உட்கார்ந்து ஆடினேன். லுப்னாவின் மார்க்கைத் தாண்டி முதல் இடம் பிடித்தால்தான் அவள் திறந்ததும் கண்ணில் படும். அவள் எங்கள் லைனிலேயே பெரிய ஆட்டக்காரி, நான் அவளை ஒருமுறையும் தாண்டியது கிடையாது. கட்டை விரல் மரத்துப் போகும் வரைக்கும் ஆடினேன். தாண்டிய பிறகும் பந்து போய்க்கொண்டே இருந்தது. நானே விரலை எடுத்து விழவைத்தேன். ‘மேலதான்டி’ என்று எழுதினேன்.

அழிப்பதற்கு முன் போனில் படம் பிடித்து வைத்திருந்த அந்த ஐந்து வரியையும் இந்தப் பட்டியலையும் லுப்னா நேற்று இங்கே கொண்டுவந்து காட்டியபோது, ‘இன்னாம்மா, கேம் மார்க்க காட்டி கம்ப்ளெய்ன்ட் குடுக்கிற?’ என்று நீங்கள் கேட்டதாகவும், அதன் பிறகு உட்காரச் சொல்லி முழுவதும் கேட்டதாகவும் சொன்னாள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்று காலை நீங்களும் இரண்டு காவலர்களும் லுப்னாவும் வந்து தாழைத் திறந்து என்னை வெளியே கொண்டுவந்தீர்கள். படி இறங்கும்போது அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ‘யாரு உனக்கு போன் குடுத்தது?’

அண்ணன் இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார். குடும்ப விஷயம், மன்னிப்பு எழுதிக் கொடுக்கிறார், கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டீர்கள். என் அண்ணன் என்னை அடிக்கவில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான், எனக்கு அவர் மேல் பாசம் இருக்கிறது. தாழ் போட்டதும் அவர்தான். நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறேன். அவரோடு போக மாட்டேன்.

இந்த வாக்குமூலத்தின் தொடக்கத்தில் என் விலாசம் என்று பெத்தேல் நகர் வீட்டைச் சொல்லியிருக்கிறேன், குடியிருந்து வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் என் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் ஆம்பூர், லுப்னா வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள், அவள் வெளியே இருக்கிறாள், கேட்டால் சொல்வாள்.

நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அடித்த வரியைத் தவிர மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

(ஒப்பம்) ஜெ. ஃபீபி

அடித்தல் ஒன்று, என் முன்னிலையில்.
(ஒப்பம்) அமிர்தவள்ளி, உதவி ஆய்வாளர்