நாற்பத்தேழு கிலோ

அக்கா: அசையாம நில்லுடா. முள் இன்னும் ஆடுது.

தம்பி: எங்க நிக்கறதுன்னு அதுக்கே தெரியல போல.

அக்கா: ...நாப்பத்தேழு.

தம்பி: ம்.

அக்கா: நேத்தும் நாப்பத்தேழு. முந்தாநாளும்...

தம்பி: எழுதிக்கோ. இறங்கலாமா? பாத்ரூம் தரை சில்லுன்னு இருக்கு.

அக்கா: பாத்து இறங்கு. குழாய் கதவுத் தாழ்ல மாட்டிக்கப் போகுது.

தம்பி: நாலு மாசமா என் நெஞ்சுல தொங்குது. எங்க மாட்டும்னு எனக்குத் தெரியாதா?

அக்கா: தெரிஞ்சவன்தான் போன மாசம் சட்டையோட சேத்து இழுத்தியாக்கும்.

தம்பி: ஆரம்பிச்சிட்டியா...

அக்கா: ஒரு நாளைக்கு ஆறு வேளைடா. குழைஞ்ச சோறு, முட்டை, மசிச்ச பழம்னு கிண்ணம் கிண்ணமா அளந்து குடுக்கறேன். கை அசந்து போச்சு. எல்லாம் எங்கடா போகுது? உடம்புல ஒட்டவே மாட்டேங்குதே.

தம்பி: ரத்தம் கட்டி, குடல் செத்துப் போச்சுன்னு வெட்டி எடுத்தாங்க. இருபது அடியில அஞ்சடிதான் மிச்சம். அது என்ன பண்ணும், பாவம்.

அக்கா: டாக்டர் அப்படிச் சொல்லலையே.

தம்பி: அவர் சொன்னப்ப நான் பாதி மயக்கத்துல இருந்தேன்.

அக்கா: நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். நர்ஸம்மா மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி படமே போட்டுக் காட்டினாங்க. குடலுக்கு உள்பக்கம் வழவழன்னு இருக்காதாம். பொடிப்பொடியா விரல் மாதிரி, லட்சக்கணக்குல நீட்டிக்கிட்டு இருக்குமாம். ஒண்ணொண்ணும் ஒரு மில்லிமீட்டர் இருந்தா அதிகம். குடலுறிஞ்சின்னு பேரு.

தம்பி: கொசுவுக்கு வைக்க வேண்டிய பேரு.

அக்கா: கேளுடா. ஒவ்வொரு விரலுக்குள்ளயும் முடியை விட மெல்லிசா ரத்தக் குழாய் ஓடுது. நீ தின்ன சோத்துல இருக்கற சத்து அந்த விரல் வழியாத்தான் ரத்தத்துக்குப் போகும். கொழுப்புக்கு மட்டும் நடுவுல தனி வழி.

தம்பி: கொழுப்புக்குத் தனி லிஃப்டா?

அக்கா: மெக்கானிக் புத்தி எங்க போகும்...

தம்பி: சரி, விரல் எதுக்கு? சுவர் தட்டையா இருந்தா உறிஞ்சாதா?

அக்கா: நானும் அதையேதான் கேட்டேன். தட்டையா இருந்தா இடம் பத்தாதாம். சோறு ஒரு இடத்துல நிக்காது, நகந்துக்கிட்டே இருக்கும். எல்லாப் பக்கமும் விரலை நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் போறதைப் பிடிக்க முடியும். அந்த விரல் மேலயும் இன்னும் பொடியா, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ரோமம் மாதிரி...

தம்பி: என் பதினஞ்சடி விரலும் குப்பைக்குப் போச்சு.

அக்கா: மிச்சம் இருக்கறது வளரும்னாங்கடா. அதுதானே விஷயம். வெட்டின குடல் திரும்ப முளைக்காது. இருக்கற விரலுங்க நீளமாகும், தடிக்கும். இல்லாததோட வேலையையும் சேத்துப் பாக்கும். ஆனா சோறு அது மேல படணும். நெஞ்சுக் குழாய் வழியா நேரா ரத்தத்துல சத்தை ஊத்திக்கிட்டே இருந்தா, அது வேலை இல்லைன்னு சுருங்கிப் படுத்துக்கும்.

தம்பி: இல்லாதவங்க வேலையையும் சேத்துப் பாக்கறதா... அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும்.

அக்கா: யாரு?

தம்பி: நாலு நாள்ல திரும்பிடுவேன்னு ஒரு பையோட வந்து, நாலு மாசமா எனக்குச் சோறு ஊட்டற ஆளு.

அக்கா: பேச்சை மாத்தாத.

தம்பி: போன் அடிக்குது. நர்ஸா?

அக்கா: இல்ல. உங்க மாமா.

தம்பி: எடு.

அக்கா: அடிச்சு ஓயட்டும்.

தம்பி: அவசரமா இருந்தா?

அக்கா: போன வாரம் நகவெட்டி எங்கன்னு கேட்டாரு. அதுக்கு முந்தின வாரம் மாடிக் கதவுச் சாவி. நான் வாக்கப்பட்டுப் போன வீட்டுல எது எங்க இருக்குன்னு அவருக்கும் தெரியாது, அவங்கம்மாவுக்கும் தெரியாது.

தம்பி: என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?

அக்கா: கேட்டாரே. "இன்னும் முடியலையா"ன்னு.

தம்பி: நல்ல அக்கறைதான்.

அக்கா: இரு, மறுபடியும் அடிக்குது. இது நர்ஸ்தான். ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுங்கம்மா.

நர்ஸ்: தம்பி எப்படி இருக்காரு? காய்ச்சல் ஏதாவது?

அக்கா: இல்லம்மா.

நர்ஸ்: வயித்தால போறது?

அக்கா: குறைஞ்சிருக்கு. நேத்து நாலு தடவைதான்.

நர்ஸ்: நல்லதாச்சே. அப்போ வெயிட் ஏறியிருக்கணுமே. எவ்வளவு?

அக்கா: அது...

தம்பி: நாப்பத்தேழு.

நர்ஸ்: அதேவா? நாலு வாரமா அங்கயே நிக்குது. ரத்த ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு, இது மட்டும் ஏன் இப்படி... டாக்டர் சொல்லி வச்சிருக்காரு. இந்த வாரமும் ஏறலன்னா திங்கட்கிழமை அட்மிட் ஆகணும்.

அக்கா: எதுக்கும்மா?

நர்ஸ்: ஆபரேஷன். இருக்கற அஞ்சடியையே ஓரத்துல அங்கங்க வெட்டித் தைச்சு நீளமாக்கறது. ரிஸ்க் இருக்கு, மறைக்கல. ஐம்பது தொட்டிருந்தா நெஞ்சுக் குழாயையே எடுத்திருப்பாரு. நாப்பத்தேழுன்னே எழுதிக்கவா?

தம்பி: அக்கா, அது வந்து...

நர்ஸ்: ஹலோ? லைன்ல இருக்கீங்களா?

அக்கா: இருக்கோம்மா. இன்னொரு தடவை நிறுத்துப் பாத்துடறேன்.

நர்ஸ்: சரி, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறேன்.

அக்கா: ஏறுடா.

தம்பி: அக்கா, ஒரு நிமிஷம் உக்காரு. ஒண்ணு சொல்லணும்.

அக்கா: ஏறுன்னு சொல்றேன்ல.

தம்பி: நான் ஒழுங்கா நிக்கல. நாலு வாரமா. நீ குனியறதுக்குள்ள வாஷ்பேசின் மேல ஒரு கையை ஊனிக்குவேன். முள் நாப்பத்தேழுக்கு வர்ற வரைக்கும் அழுத்துவேன். அடிக்கணும்னா அடி. குழாய் இல்லாத பக்கமா.

அக்கா: எதுக்குடா?

தம்பி: ஐம்பது ஆச்சுன்னா நீ கிளம்பிடுவ.

அக்கா: தனியா இருக்கப் பயமா?

தம்பி: எனக்கு என்ன பயம்... வந்த புதுசுல நீ நின்னுக்கிட்டே சாப்பிட்ட. அடுப்புப் பக்கத்துல, தட்டைக் கையில வச்சுக்கிட்டு, யாரோ கூப்பிடப் போறாங்கன்னு பாதி வாயிலயே நிறுத்தி நிறுத்தி. படுத்தபடியே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப ஒரு மாசமாத்தான் உக்காந்து சாப்பிடற. மத்தியானம் குறட்டை கூட விடற.

அக்கா: நான் குறட்டை விடறதில்ல.

தம்பி: விடற. பக்கத்து வீட்டுல கேட்டாங்க, என்ன சத்தம்னு. அது நிக்க வேண்டாம்னு நினைச்சேன். கொஞ்ச நாள் இழுத்தா என்ன ஆயிடும்னு... ஆபரேஷன் வரைக்கும் போகும்னு தெரியாது.

அக்கா: அந்தக் குழாய் இருக்கற ஒவ்வொரு நாளும் ஆபத்துன்னு தெரியுமில்ல? அதுல கிருமி ஏறி ரெண்டு தடவை காய்ச்சல் வந்துச்சு. ரெண்டு தடவையும் ஆம்புலன்ஸ்ல உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான்...

தம்பி: தெரியும்.

அக்கா: மடையா.

தம்பி: சரி, மடையன் ஏறிட்டேன். ரெண்டு கையும் தலைக்கு மேல. பாரு.

அக்கா: ஐம்பதரை.

தம்பி: அப்போ வளந்திருக்கு. விரலுங்க எல்லாம்.

அக்கா: வளந்திருக்குடா.

தம்பி: நீ அழற. ஆனா ஆச்சரியப்படல... ஏன்?

அக்கா: நர்ஸ் கூப்பிடறாங்க. எடுத்து நீயே சொல்லு.

தம்பி: ஹலோ... ஐம்பதரைம்மா. நான்தான் தப்பா நின்னுட்டேன்.

நர்ஸ்: நாலு வாரமாவா? என்னங்க விளையாட்டு இது... சரி, திங்கட்கிழமை வாங்க. என் கண் முன்னாடி நிக்க வச்சுப் பாக்கறேன். ஐம்பது இருந்தா அன்னைக்கே குழாயை எடுத்துடலாம். அக்காகிட்ட சொல்லுங்க, பாவம், அவங்களும் இனிமே வீட்டுக்குப் போகலாம்.

தம்பி: சொல்றேன்... வச்சுட்டாங்க. இப்ப நீ சொல்லு.

அக்கா: நீ கையை ஊனினா அந்த பேசின் கிறீச்சுனு சத்தம் போடும்டா. முதல் நாளே கேட்டுச்சு. கையை எடுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்... சொல்லல. தினமும் நாப்பத்தேழுன்னு எழுதினேன், காய்ச்சல் வந்துடக் கூடாதேன்னு தினமும் உன் நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். நீ தூங்கறப்ப நானும் அந்த எடை மெஷின்ல ஏறி நின்னேன். வந்தப்ப நாப்பத்திநாலு இருந்தேன், இப்ப நாப்பத்தொம்பது. அந்த வீட்டுக்கு என்னால திரும்பிப் போக முடியாதுடா. ஆனா தம்பிக்கு உடம்பு சரியில்லன்னாத்தானே யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க... இனிமே ஒரு காரணமும் இல்லாம, சும்மா, நான் இங்கயே இருந்துக்கட்டுமா?