ஐந்தெழுத்தும் ஒரு ஜோடிச் செருப்பும்

எனக்குக் காலையில் காபி குடிக்கும் பழக்கம் இல்லை. அதற்குப் பதில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டுபிடிப்பேன், அவ்வளவுதான். போனில் வரும் விளையாட்டு, இன்ஸ்பெக்டர் சார். நாளுக்கு ஒரு சொல், ஆறு வாய்ப்பு. எழுத்தும் இடமும் சரியென்றால் கட்டம் பச்சையாகும். எழுத்து இருந்து இடம் மாறியிருந்தால் மஞ்சள். எழுத்தே இல்லையென்றால் சாம்பல். காபியைவிட வயிற்றுக்கு நல்லது. கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். ஆங்கிலத்திலேயே எழுதியிருப்பேன், ஸ்டேஷனில் யார் உட்கார்ந்து படிப்பது என்று தமிழில் எழுதுகிறேன்.

நேற்று நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தீர்களே, தோல் பதனிடும் அந்த ஆம்பூர் டேனரியில் நான் பாதுகாப்பு அதிகாரி. பெயர் நாகேந்திரன். போன தீபாவளியிலிருந்து ஒருநாள்கூட விடாமல் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து வந்தேன். எத்தனை நாள் தொடர்ந்து ஜெயித்தோம் என்று விளையாட்டே கணக்குக் காட்டும். அம்மா இறந்த அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் உட்கார்ந்து போட்டேன். இரண்டாவது வாய்ப்பிலேயே வந்துவிட்டது. அம்மாவின் ஆசீர்வாதம் என்றுதான் நினைக்கிறேன்.

தபரேஸ் பாய் எங்கள் டிரம் பகுதியின் சூப்பர்வைசர். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆம்பூரில் யாருக்கு ரத்தம் தேவைப்பட்டாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். அவரும் இதே விளையாட்டை ஆடுவார். தினமும் முதல் சொல்லாக ‘ஹைட்ஸ்’ என்று போடுவார். தோல்கள் என்று பொருள். பன்மைச் சொல் விடையாக வராது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். “நமக்கு சோறு போட்ற வார்த்த சார், அத்த உட்டுட்டு வேற இன்னாத்த போட்றது?” என்பார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கண்டுபிடித்த கையோடு கம்பெனி வாட்ஸப் குழுவில் விடையைக் குரலாகவே போட்டுவிடுவார். “தோஸ்துங்களா, இன்னிக்கு பிரெட்டு. நாஷ்டா ஆச்சா?”

பிறர் சொல்லித் தெரிந்த விடையைக் கட்டத்தில் போடுவது திருட்டு. நான் திருடன் இல்லை. இதை அவரிடம் பொறுமையாக விளக்கினேன். “ஒரு வார்த்ததானே சார், அதுக்கு ஏன் இவ்ளோ பேஜாரு?” என்று என் தோளில் தட்டினார். குழுவிலிருந்து விலகினேன். எனக்கு வீட்டில் ஏதோ கஷ்டம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, மறுநாள் காலையில், நான் போனைத் திறக்கும் முன்பே, மக்கன் பேடா டப்பாவோடு என் அறைக்கு வந்துவிட்டார். “குரூப்ல இல்லியே நீங்க, கஷ்டப்படுவீங்களேன்னு நேர்லயே வந்துட்டேன்” என்றார். அன்றைய சொல்லைச் சொன்னார்.

நான் அதைப் போடவில்லை. பேடாவைச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அடுத்த நாள் திறந்தபோது தொடர்ச்சி பூஜ்ஜியத்துக்கு வந்திருந்தது. அம்மாவுக்கு அழாதவன் அன்று பாத்ரூமில் போய் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் டிரம் ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு இருக்கும் மரப்பீப்பாய். தோலையும் மருந்தையும் போட்டுச் சுழற்றுவார்கள். உள்ளே இருக்கும் கட்டைகளில் தோல் சிக்கிக்கொண்டால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குகிறவன் தன் செருப்பைச் சுவிட்சுக்குக் கீழே விட்டுவிட்டுப் போவான். செருப்பு கிடந்தால் பொத்தானை யாரும் தொட மாட்டார்கள். சுவிட்சைப் பூட்டுவதற்கென்று நான் வாங்கிக் கொடுத்த பூட்டுகள் இன்றும் பாலிதீன் பையிலேயே தூங்குகின்றன. செருப்பை நம்பாதீர்கள் என்று சுற்றறிக்கைமேல் சுற்றறிக்கை ஒட்டினேன். அதைக் கிழித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்தார்கள்.

சம்பவத்தன்று காலை டீ நேரத்தில், அன்றைய சொல்லைப் போடும் முன்பு, ஒரு சுற்று வந்தேன். கடைசி டிரம்மின் சுவிட்சுக்குக் கீழே நீல வார் வைத்த செருப்பு கிடந்தது. தபரேஸ் பாய் தன் ஆட்களை உள்ளே அனுப்ப மாட்டார், தானே இறங்குவார். என் நடைச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“யாரு, சாரா? இன்னிக்கு வார்த்த சொல்லட்டா?”

“வேணாம் பாய்.”

“மொத எழுத்து மட்டும் சொல்றேன் சார்” என்று சொல்லியும் விட்டார்.

நான் செருப்பை எடுத்துப்போய் வாசல் பக்கத்து அலமாரியில் ஜோடி பிசகாமல் வைத்தேன். நடைபாதையில் பொருள் கிடக்கக் கூடாது என்பது விதி. டீ குடித்துவிட்டு ஆப்பரேட்டர் கோதண்டபாணி வந்தார். வழக்கம்போலக் குனிந்து சுவிட்சுக்குக் கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“போடலாமா சார்?”

தலையாட்டினேன். அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். டீ முடிந்து ஓடத் தொடங்கியிருந்த மற்ற டிரம்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டும் இருக்கலாம், நான் அப்போது போனில் இரண்டாவது வாய்ப்பில் இருந்தேன். தபரேஸ் பாய் சொன்ன எழுத்தை நான் பயன்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் வழக்கமான சொல்லோடுதான் ஆரம்பித்தேன். டிரம்மை நிறுத்தியபோது எனக்கு ஐந்து கட்டமும் பச்சையாகியிருந்தது.

கோதண்டபாணியை விட்டுவிடுங்கள். “செருப்பு இல்ல சார், பாத்துட்டுதான் போட்டேன்” என்று பக்கத்து அறையில் அழுதுகொண்டே இருக்கிறார். அவர் சொல்வது உண்மை. தபரேஸ் பாயைக் கொன்றது நான். மற்றபடி, செருப்பு முறை ஆபத்தானது என்பது இனியாவது முதலாளிக்கு விளங்கும்.

இன்னொரு சின்ன விஷயம். இன்று காலை கான்ஸ்டபிள் மேகலா எனக்கு டீ கொண்டுவந்தார். என் போன் உங்கள் மேசை டிராயரில் இருக்கிறது; இன்றைய சொல்லை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் போனில் ஐந்து கட்டமும் பச்சையாக இருந்தது. “நீங்களும் ஆடுவீங்களாமே? இன்னிக்கு ஈஸிதான், சொல்லட்டா?” என்று சிரித்தார். நல்ல பெண். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளாம். அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள் சார். பாதுகாப்பு விஷயத்தில் நான் என்றுமே அலட்சியமாக இருந்ததில்லை.