முதலில் என் பெயரை அடியுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் கர்னல் ராட்னி ஜெப்சன் அவர்களே, செயற்குழுவினரே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு டார்பிஷைரின் நாலா திசையிலிருந்தும் வந்திருக்கும் ஜெப்சன் குடும்பச் சங்கத்தாரே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் மியூரியல் அம்மையாரே, வணக்கம். சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைக் கணினியில் பராமரிப்பவன் என்பதால் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். போதும்.

பத்தொன்பது ஆண்டு செயலாளராக இருந்த வில்ஃப்ரெட் ஜெப்சனைச் ‘சங்கத்தின் தூண்’ என்று மூன்று பேர் புகழ்ந்துவிட்டீர்கள். அந்தத் தூணைப் போன மார்ச்சில் பிடுங்கி எறிந்தது யார்?

ஜெப்சன் என்றால் ஜெப்பின் மகன். ஜெப் என்பது ஜெஃப்ரியைச் சுருக்கிக் கூப்பிடுவது. எந்த ஜெஃப்ரி? பிரான்சின் நார்மண்டியிலிருந்து குதிரையோடு வந்திறங்கிய பிரபு என்கிறீர்கள். ஊருக்கு நாலு ஜெஃப்ரி இருந்த நாட்டில், பன்றி மேய்த்த ஜெஃப்ரிக்குப் பிள்ளையே பிறக்கவில்லையா?

குலச்சின்னம் ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் உரியது, பெயருக்கு உரியதல்ல. வில்ஃப்ரெட் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். இன்று காலை அவர் சவப்பெட்டிமேலேயே ‘ஜெப்சன் சின்னம்’ என்று கடையில் வாங்கிய கொடியைப் போர்த்தினீர்கள். மியூரியல் அம்மையார் அதை மடித்துத் தலைவர் கையில் கொடுத்தார்.

“இது அவரோடது இல்ல கர்னல். உங்களோடதும் இல்ல. டீ மேசைக்கு விரிச்சுக்கங்க.”

மார்ச்சில் நடந்தது என்ன? லீட்ஸில் பஸ் ஓட்டும் க்ளைட் ஜெப்சன் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார். ஜமைக்காவில் அவர் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த தோட்ட முதலாளியின் பெயர் ஜெப்சன். அந்தப் பெயரையே அவர்களுக்கும் ஒட்டிவிட்டார்கள்.

“பேரு இருந்தா போதுமா? ரத்தம் வேணும்ல?” என்றார் கர்னல்.

வில்ஃப்ரெட் தன் வம்சாவளித் தாளை மேசையில் வைத்தார். “என் கொள்ளுத்தாத்தாவ ஜெப்சன் சந்துல கைக்குழந்தையா கண்டெடுத்தாங்க. சந்து பேரையே பிள்ளைக்கு வச்சுட்டாங்க. அந்த ரத்தம் எனக்கும் இல்ல. முதல்ல என் பேர அடிங்க.”

“அப்ப நீ சந்து ஜெப்சனா, வில்ஃப்?” என்று ஒருவர் சிரித்தார்.

“ஆமாப்பா. உன் சந்து எதுன்னு நீ இன்னும் தேடல, அவ்வளவுதான்.”

அடித்தீர்கள். க்ளைடையும் சேர்க்க மறுத்தீர்கள். முப்பத்தொரு கைகள் உயர்ந்தன. செத்த பிறகு தூண் என்கிறீர்கள்.

க்ளைட் இப்போது கதவருகே நிற்கிறார். இத்தனை நாற்காலி காலியாக இருக்க, உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வில்ஃப்ரெட் விட்ட வேலையை நான் தொடர்வேன். தொடங்கியும்விட்டேன். அவர் பெயரைத் திரும்பப் பதிவேட்டில் ஏற்றி, அடுத்த வரியில் க்ளைடின் பெயரையும் ஏற்றிவிட்டேன். ரத்தம்தான் விதி என்றால், எல்லாருக்கும் அதே விதி. நான் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாற்பது பரிசோதனைக் குழாய்கள் கொண்டுவந்திருக்கிறேன். எதிர்ப்பு உள்ளவர்கள் வந்து எச்சில் துப்பிவிட்டுப் பேசலாம். கர்னலிலிருந்து தொடங்கலாமா?

ஒருவரும் எழக் காணோமே. அப்படியென்றால் எதிர்ப்பு இல்லை என்று குறித்துக்கொள்கிறேன்.

க்ளைட், முன்னால வந்து உக்காருங்க.