எத்தனை பேருக்கு ஸ்பிரிங்

— கழட்டிடு மச்சான். பைக்கோட அந்தப் பின் ஷாக் அப்சார்பரை மொத்தமா கழட்டிப் போட்டுடு.

— இருங்க மாமா... வந்ததும் வராததுமா கழட்டு கழட்டுன்னா எப்படி? ஆயில் கசியுதா?

— கசியல.

— ஸ்க்ரீன்ல ஏதாவது எரர்?

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சின்னப் பள்ளத்துல எறங்கினாக்கூட ஆளைத் தூக்கிப் போடுது. முதுகே போச்சு.

— பட்டனை அமுக்கினா தானா இறுகும், தானா தளரும்னு தெருவையே கூப்பிட்டுக் காட்டினீங்களே மாமா...

— காட்டினேன்தான். இப்ப வேணாம். மோட்டார் இல்லாம, ஒயர் இல்லாம வெளிக் கம்பெனிக்காரன் சாதா ஷாக் செஞ்சு தர்றானாமே, அதைப் போடு.

— சாவியைக் குடுங்க. மொதல்ல என்னன்னு பாப்போம்... அட!

— என்ன அட?

— ஸ்க்ரீன்ல ரெண்டு ஹெல்மெட் படம் காட்டுது.

— காட்டினா?

— பின்னாடி ஆள் இருக்குன்னு நெனச்சு வண்டி ஸ்பிரிங்கை இறுக்கி வச்சிருக்கு. ஒத்த ஆளா ஓட்டினா தூக்கித்தான் போடும். ஷாக் மேல ஒரு குத்தமும் இல்ல. இதோ, ஒரு ஹெல்மெட்டுக்கு மாத்திட்டா...

— தொடாத! கையை எடு மச்சான்.

— எடுத்துட்டேன், எடுத்துட்டேன்... தெரிஞ்சேதான் வச்சிருக்கீங்களா?

— மாத்த மறந்துட்டேன்.

— அக்கா எங்க வீட்டுக்கே திரும்பி வந்த நாள்லருந்து மறந்துட்டீங்களா? ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அவ பின்னாடி உக்காந்துட்டு வந்த காலத்துல ஒரு நாளாவது இந்தப் படத்தை வச்சீங்களா?

— இல்ல.

— எப்பப் பாரு ஒத்த ஹெல்மெட், ஸ்போர்ட் மோட். வளைவுல சாஞ்சு எழுந்திரிக்கணும் உங்களுக்கு. ரெண்டு பேர் எடையை ஸ்பிரிங் தாங்காம அடி வரைக்கும் போய் இடிக்கும், பள்ளத்துல அடி வாங்கினது அவ.

— சொல்லிட்டேதான் வருவா. "அந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்குங்களேன், இடுப்பு விட்டுப்போச்சு"ன்னு.

— நீங்க?

— "இதோ, அடுத்த சிக்னல்ல"ம்பேன்.

— ஒரு பட்டனுக்காக யாரும் வீட்டை விட்டுப் போகமாட்டாங்க மாமா.

— தெரியும்டா. நான் எல்லாத்துக்கும் அடுத்த சிக்னல்னு சொன்னவன்.

— சரி விடுங்க... நல்லா இருக்கறதை எதுக்குப் பிடுங்கணும்?

— சாவி போட்டதும் அந்தப் படம் வருது. ஒண்ணா, ரெண்டான்னு கேக்கற மாதிரி. வீட்ல ஏன்னு கேக்க நாதி இல்ல, இது ஒண்ணுதான் கேக்குது. காலங்காத்தால அதுக்குப் பதில் சொல்ல முடியல.

— மாமா...

— பிடுங்கிடு.

— பிடுங்கினா மஞ்ச லைட் எரிஞ்சுட்டே இருக்கும். அதுக்குச் சின்னதா ஒரு டப்பா மாட்டணும். பழைய ஷாக் இன்னும் இருக்குன்னு அது வண்டியை நம்ப வச்சிடும்.

— வண்டி நம்பிடுமா?

— நம்பிடும்.

— குடுத்து வச்ச வண்டி!

— சிரிக்காதீங்க மாமா. பாக்க முடியல.

— சரி, சிரிக்கல. வேற என்ன வேணும், சொல்லு.

— எடை சொல்லணும். இதுல பட்டன் கெடையாது. ஓட்டறவர் எடை, பின்னாடி உக்கார்றவங்க எடை, ரெண்டையும் கேட்டுட்டுத்தான் ஸ்பிரிங் அனுப்புவாங்க. இஷ்டத்துக்கு மாத்திக்க முடியாது, போட்டா போட்டதுதான்.

— நான் எண்பது. அவ... ஐம்பத்தெட்டு இருந்தா. எளைச்சுட்டாளா?

— இல்ல.

— வேளாவேளைக்குச் சாப்பிடறாளா?

— நல்லா இருக்கா மாமா.

— அப்ப அறுபதுன்னே சொல்லு. மெத்துனு இருக்கணும், அவ இடுப்புல அடியே தெரியக் கூடாது. மாட்டினதும் நேரா உங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறேன். உள்ளகூட வரமாட்டேன். சும்மா ஒரு ரவுண்டு வந்து பாக்கச் சொல்லு. புடிக்கலன்னா அங்கயே எறக்கி விட்டுடறேன்...

— ரெண்டு பேருக்குப் போட்டுட்டு நீங்க தனியா ஓட்டினீங்கன்னா ஆயுசுக்கும் இப்படியேதான் தூக்கிப் போடும்.

— போடட்டும்.

— உங்களுக்கு மட்டும் போட்டுக்கங்களேன் மாமா.

— ஏன்? வரமாட்டேன்னுட்டாளா?

— அப்படி ஒண்ணும் சொல்லல...

— பின்ன என்னத்த மென்னு முழுங்கற? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— அக்கா சொந்தமா ஒரு வண்டி வாங்கிட்டா மாமா. அதுக்கும் இதே சாதா ஷாக்தான், நான்தான் மாட்டிக் குடுத்தேன். பின்னாடி உக்கார்றவங்க எடை எவ்வளவுன்னு கேட்டேன்... "யாரும் இல்ல, என் எடைய மட்டும் சொல்லு"ன்னுட்டா.