வலிக்காமல் கெடுவது

நிமிர்ந்து உட்காருங்கள், அன்பானவர்களே. ஒரு சின்னக் கதை வைத்திருக்கிறேன். சின்னதுதான்... ஆனால் ஒரு பெண்ணின் உயிர் இதில் இருக்கிறது.

குஞ்சிதபாதம் என்று ஒரு நெல் வியாபாரி. கையில் எப்போதும் குத்தூசி இருக்கும். களத்துக்குப் போவார். மூட்டையில் சதக்கென்று குத்துவார். உள்ளே இருக்கும் நெல் கொஞ்சம் உள்ளங்கையில் வந்து விழும். கடித்துப் பார்ப்பார். “ஈரம் இருக்கு. வேணாம்.” அவ்வளவுதான்!

அவருடைய ஒரே மகள் மங்கையர்க்கரசி. அவளுக்கு லூபஸ் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். கன்னத்தில் சிவப்பு, மூட்டில் வலி. மாத்திரையில் இரண்டும் அடங்கின. முகம் தெளிந்தது. ஆனால்... சிறுநீரில் நுரை. சோதித்தால் புரதம் போகிறது.

டாக்டரம்மா சொன்னார். “அய்யா, நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கு. எந்த அளவுக்குன்னு தெரியணும். முதுகுப் பக்கமா ஊசி விட்டு, நூல் மாதிரி கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும். பயாப்ஸின்னு பேரு.”

“எம்பொண்ணு கிட்னியில ஓட்டை போடவா? எங்கயாவது வலிக்குதான்னு அவளையே கேளுங்க!”

“வலிக்காதுய்யா. வலிக்காமலேதான் கெடும்.”

குஞ்சிதபாதம் மகளோடு எழுந்து வந்துவிட்டார். ஒரு மாதம்... இரண்டு மாதம்... நான்காவது மாதம் மகளுக்குக் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை.

அவர் மனைவி சிவகாமி கேட்டாள். “ஏங்க, ஒருத்தன் மூட்டையை வெளியில தடவிப் பாத்து நெல்லு வாங்கினா என்ன சொல்லுவீங்க?”

“கண்ணு அவிஞ்சவன்னு சொல்லுவேன்.”

“நாலு மாசமா நாம அவ கன்னத்தைத்தானே தடவிக்கிட்டு இருக்கோம்?”

அவர் எழுந்தார். சட்டையை மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் மகள் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னாள். “அப்பா, வெளியில போய் நில்லுங்க. மூச்சை அடக்கச் சொல்றாங்க. நீங்க அழுதா எனக்கு அடங்காது.”

பயாப்ஸி முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்னார். “நோய் சிறுநீரகத்துல பாதிக்கு மேல பரவியிருக்கு. அதுக்கு வேற மருந்து இருக்கு, நோய் அடங்கும். ஆனா ஒரு பகுதி தழும்பாயிடுச்சு. அது திரும்பாது.”

“அன்னைக்கே வந்திருந்தா... அந்தத் தழும்பு இருந்திருக்காதாம்மா?”

“சொல்ல முடியாதுய்யா. அன்னைக்கு நாம பாக்கலையே.”

கேட்டீர்களா? அந்த ஒரு வார்த்தையைத்தான் அந்த மனிதரால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. மங்கை பிழைத்தாள். மாதா மாதம் சோதனைக்குப் போகிறாள். மருந்து வேலை செய்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்று காட்டியது எது? அந்த ஊசி.

பயப்படுங்கள், தப்பில்லை. ரத்தம் கசியுமா என்று கேளுங்கள். சில பேருக்குக் கசியும், படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பத்துக் கேள்வி கேளுங்கள், டாக்டர் முகத்துக்கு நேராகக் கேளுங்கள். ஆனால்... பயத்தை வீட்டுக்குத் தூக்கி வந்து நாலு மாதம் சோறு போட்டு வளர்க்காதீர்கள். லூபஸ் உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? சிறுநீரில் நுரை கண்டதா?

நாளைக்குக் காலையில் புறப்படுங்கள்.