மூன்று வெளிச்சத்தில் ஒரு மாடிப்படி

குட்டி: நான் ஆடலை அண்ணி, மூச்சுதானே விட்டேன்!

அண்ணி: அதைத்தான் சொல்றேன். கேமரா ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நின்னு விடாதே. தள்ளிப் போய் விடு.

குட்டி: நல்லாயிருக்கே... மூச்சு விடக்கூட இனி இடம் தேடணுமா?

அண்ணி: மூணு படமும் அசையாம வரணும்டி. ஒண்ணு இம்மி நகர்ந்தாலும் மூணும் சேராது.

டாக்டர்: என்ன, வந்ததுல இருந்து என் மாடிப்படியை நடுவுல வச்சு ரெண்டு பேரும் சண்டை?

குட்டி: சண்டை இல்லை டாக்டர். எங்க அண்ணன் பொண்டாட்டி கேமரா வாங்கின நாள்ல இருந்து எங்க வீட்டுல யாருமே நிம்மதியா மூச்சு விட்டதில்லை.

டாக்டர்: அப்படியா? என் க்ளினிக்ல இவ பேசுற பேச்சுல, நான் ஊசி போடறதுக்கு முன்னாடியே வர்றவங்களுக்கு வாய் மரத்துப் போயிடுது. இவளை அடக்கவும் ஒரு ஆள் இருக்காங்களா!

அண்ணி: வீட்டுல குட்டின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெட்டுப் போச்சு டாக்டர். நாப்பது வயசு.

குட்டி: முப்பத்தொன்பது!

டாக்டர்: சரி, சரி. அது என்ன மூணு படம்? நான் போன்ல ஒரே அமுக்குதான் அமுக்குவேன்.

அண்ணி: அமுக்கினா என்ன வருது?

டாக்டர்: அதை ஏன் கேட்கறீங்க... மேல கூரைக் கண்ணாடி வெள்ளை வெளேர்னு எரியும், கீழ படியெல்லாம் அடுப்புக்கரி. இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. இந்தப் படியை உருப்படியா ஒரு படம் எடுக்க முடியலை.

அண்ணி: நம்ம கண்ணு ரெண்டையும் ஒரே நேரத்துல பார்த்துடும் டாக்டர். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளிச்சத்தைக் கவனிச்சா இருட்டைக் கோட்டை விட்டுடும். அதனால வானத்துக்கு ஒண்ணு, நடுவாந்தரமா ஒண்ணு, இருட்டுக்கு ஒண்ணு. மூணையும் லேப்டாப்ல போட்டுச் சேர்த்தா...

டாக்டர்: இருங்க, இருங்க. வாய்க்குள்ள பார்க்கற மாதிரி! விளக்கை முன்பல்லுக்கு வச்சா கடவாய்ப்பல் தெரியாது, கடவாய்க்குத் திருப்பினா முன்பல் கண்ணைக் கூசும். ரெண்டையும் தனித்தனியாப் பார்த்து மனசுலதான் ஒட்டிக்கணும்.

அண்ணி: அதேதான்! இதைப் புரிஞ்சுக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. நீங்க நின்ன இடத்துல பிடிச்சுட்டீங்க.

குட்டி: அந்த மூணு மாசமும் நாங்க பட்ட பாடு இருக்கே... முதல் மாசம் எங்க அண்ணனைச் சன்னல் ஓரமா உட்கார வச்சு எடுத்தாங்க டாக்டர். படத்தைப் பார்த்தா... துருப்பிடிச்ச தகர டப்பாவுக்கு மீசை வச்ச மாதிரி!

அண்ணி: அது... படத்தைச் சேர்க்கறப்ப நிறத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சுட்டேன்.

குட்டி: கொஞ்சமா? தலையைச் சுத்தி ஒளிவட்டம் வேற! எங்க அண்ணனைக் கும்பிடறதா, அவர்மேல எண்ணெய் விடறதான்னு தெரியலை.

டாக்டர்: ஐயோ பாவம்... ரெண்டு பேரும் டீ குடிப்பீங்கதானே? போட்டுட்டு வர்றேன். சீக்கிரம் முடிச்சுடுங்க, இன்னைக்கு ரெண்டு பல்லு பிடுங்க வேண்டியிருக்கு.

குட்டி: ...போயிட்டாங்க. அண்ணி, இப்பவாவது சொல்லிடுங்களேன்.

அண்ணி: ஷ்ஷ்... முதல்ல படம்.

குட்டி: பொய் சொல்லி உங்களைக் கூட்டிட்டு வந்தது நான். விஷயம் வெளியே வந்தா என் வேலைக்கு வேட்டு.

அண்ணி: என்ன பொய்? அண்ணி படம் எடுக்கப் பழகுறாங்கன்னுதானே சொன்னே? பழகுறேனே.

குட்டி: பாதி உண்மையும் பொய்க்குச் சித்தப்பா மகன்தான்.

அண்ணி: வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க குட்டி. நூலகத்துக்காரங்ககிட்ட ஒருதரம் சொன்னோமே... சிரிச்சு அனுப்பலை?

குட்டி: மறப்பேனா? அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய்கூடச் சாப்பிடலையே.

அண்ணி: காட்டறதுக்கு என்ன இருந்துச்சு? போன்ல எடுத்த கரிக்கட்டைப் படம். "இதுல படி எங்கம்மா இருக்கு"ன்னு கேட்டான் ஒருத்தன். வர்ற வாரம் அவங்க புதுக் கட்டட வேலைக்கு ஆளை முடிவு பண்றதுக்குள்ள கையில நல்ல படம் இருக்கணும். பேச்சு அப்புறம்.

குட்டி: யாராவது படக்காரரை வச்சு எடுத்திருக்கலாம்...

அண்ணி: இன்னொருத்தன் பேரு மறுபடியும் இதுமேல விழணுமா? வேண்டாம். நானே எடுக்கறேன். நகரு, வெயில் சரியா விழுது.

குட்டி: ஒண்ணு மறந்துட்டீங்க. போன தடவை மாதிரி ஃபோகஸ் தானா மாறிடப் போகுது.

அண்ணி: அட... ஆமா. நல்லவேளை. பூட்டிட்டேன். சரி... இது வானத்துக்கு.

குட்டி: க்ளிக்.

அண்ணி: சத்தம் நீ போடாதே, அதுவே போடும்... இது நடுவாந்தரம்... இது இருட்டுக்கு. கொஞ்சம் நேரம் எடுக்கும். அசையாதே...

டாக்டர்: சர்க்கரை எத்தனை ஸ்பூன்?

குட்டி: அங்கேயே நில்லுங்க டாக்டர்!

டாக்டர்: என் வீட்டுலயே எனக்கு நில்லா?

குட்டி: மன்னிச்சுக்குங்க... நடுவுல நடந்தா படத்துல பேயா வருவீங்க. நான் வந்திருக்கேன். ஒரே படத்துல மூணு குட்டி, மூணுக்கும் கால் இல்லை.

அண்ணி: ஒரு குட்டியையே தாங்க முடியலை... ச்சே! போச்சு.

டாக்டர்: என்னாலயா?

அண்ணி: இல்லை, மேகம் வந்துடுச்சு. முதல் படத்துல வெயில், கடைசிப் படத்துல நிழல். இது சேராது.

டாக்டர்: காத்திருக்கலாமா?

அண்ணி: உங்களுக்கு நேரமாகுதே...

டாக்டர்: பல்லு எங்கேயும் ஓடிடாது. ஒரு போன் போட்டுக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்றேன். இந்தாங்க, டீ குடிங்க... உண்மையைச் சொல்லட்டுமா? நீங்க கேட்டப்ப எனக்கு ரொம்பச் சந்தோஷம். வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் டிவி எவ்வளவு பெரிசுன்னுதான் பார்ப்பாங்க. நான் காலையில எழுந்ததும் இந்தக் கைப்பிடியைத் தொட்டுட்டுதான் இறங்குவேன். எங்கேயும் ஒட்டு தெரியாது. ஒரே மரம் தானா வளைஞ்சு மேல ஏறிப் போன மாதிரி...

குட்டி: அண்ணி, டீ ஆறுது.

டாக்டர்: அந்தக் காண்ட்ராக்டருக்கு நல்ல கை. வேலை நடந்தப்ப நாங்க வேற ஊர்ல இருந்தோம். முடிஞ்சு சாவி கொடுக்கறப்பதான் பார்த்தோம். "எல்லாம் நானே பக்கத்துல இருந்து இழைச்சது மேடம்"னார்.

குட்டி: பக்கத்துல இருந்து... ம்ம்.

அண்ணி: குட்டி!

குட்டி: நான் ஒண்ணும் சொல்லலையே. டீ நல்லாயிருக்குன்னேன்.

அண்ணி: வெயில் வந்துடுச்சு! யாரும் நகராதீங்க. ஒண்ணு... ரெண்டு...

டாக்டர்: நான் மூச்சு விடலாமா?

அண்ணி: விடாதீங்க!... மூணு. வந்துடுச்சு. மூணும் வந்துடுச்சு!

குட்டி: அப்பாடா. லேப்டாப்பைத் திறங்க, திறங்க.

அண்ணி: பொறு... சேருது... 

டாக்டர்: என்ன இது சுத்திக்கிட்டே இருக்கு?

குட்டி: சேர்ந்து சமாதானமாகற வரைக்கும் சுத்தும் டாக்டர். எங்க வீட்டுலயும் அப்படித்தான்... ஐயோ! அண்ணி, என்ன இது? படியெல்லாம் தகரம், மேகமெல்லாம் புகை!

அண்ணி: கத்தாதே. அது தானாக் கூட்டி வைக்குது. முதல்ல எல்லாரும் இங்கேதான் மயங்கி நின்னுடுவோம். குறைக்கணும்... இன்னும்... பார்க்கறவங்களுக்கு நம்ம வேலை தெரியக் கூடாது. படிதான் தெரியணும்.

டாக்டர்: இன்னும் கொஞ்சம் குறைங்க... நிறுத்துங்க! அங்கேயே நிறுத்துங்க!

குட்டி: ...அண்ணி.

டாக்டர்: இது... இதுதான். காலையில நான் பார்க்கற படி இதுதான்! கண்ணாடி வழியா வானம் நீலமாத் தெரியுது, மேகம் மேகமா இருக்கு... கீழ மரத்துல ரேகை ரேகையா ஓடறதுகூடத் தெரியுதே!

குட்டி: கரிக்கட்டையா இருந்த இடம் இது? அண்ணி, ஜெயிச்சுட்டீங்க!

அண்ணி: கொஞ்சம் இரு குட்டி... எனக்கே கண்ணு மறைக்குது.

டாக்டர்: எனக்கு ஒரு பிரதி கண்டிப்பா வேணும். க்ளினிக்ல எல்லாரும் காத்திருக்கற இடத்துல பெரிசா மாட்டப் போறேன். பயந்து உட்கார்ந்திருக்கறவங்க இதைப் பார்த்தா பல்வலியே... சே, இது என்ன, திரையில எறும்பு?

குட்டி: தட்டி விடுங்க.

டாக்டர்: தட்டறேன், போகலை. இதோ... மூணாவது படிக்கு அடியில. கொஞ்சம் பெரிசு பண்ணுங்க.

அண்ணி: ...பண்ணிட்டேன்.

டாக்டர்: இது நிஜ எறும்பு இல்லையே. செதுக்கினது! மீசைகூட இருக்கு! நில்லுங்க, குனிஞ்சு பார்க்கறேன்... ஒண்ணும் தெரியலை, ஒரே இருட்டு... விரல்ல தட்டுப்படுது! ஆமா, இங்கேயே இருக்கு! ஏழு வருஷமா என் வீட்டுல ஒரு எறும்பு குடியிருக்கு, எனக்குத் தெரியலை!

குட்டி: வாடகைகூடக் கொடுக்காம.

டாக்டர்: இருங்க, அந்தக் காண்ட்ராக்டரை இப்பவே கூப்பிட்டுப் பாராட்டறேன்.

குட்டி: டாக்டர், அது வந்து...

அண்ணி: பேசட்டும் குட்டி. விடு.

டாக்டர்: ஹலோ... ஆமா, பல் டாக்டர்தான் பேசறேன்... நல்லாயிருக்கேன். நம்ம மாடிப்படி இருக்கே, மூணாவது படிக்கு அடியில நீங்க என்ன செதுக்கி வச்சிருக்கீங்க?... அடியிலதான்... என்னது?... வெறும் பலகையா?... நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நீங்களே இழைச்சதுன்னீங்களே... பூச்சி அரிச்சிருக்குமா? மருந்து அடிக்க ஆள் அனுப்பறீங்களா?... வேண்டாம், வேண்டாம். இது ரொம்ப நல்ல பூச்சி. வைக்கிறேன்.

குட்டி: என்ன சொன்னார்?

டாக்டர்: அங்க ஒண்ணுமே கிடையாதுன்னு சத்தியம் பண்றார். தான் இழைச்ச படிக்கு அடியில என்ன இருக்குன்னு அவருக்கே தெரியலையே! ஏன் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறீங்க?

குட்டி: அண்ணி, இனிமேலும் மூச்சை அடக்கினா நான் செத்துடுவேன்.

டாக்டர்: எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். க்ளினிக்ல மாட்டறப்ப படத்துக்குக் கீழ ரெண்டு பேர் போடலாம்னு இருந்தேன். படம் எடுத்தவங்க பேர் உங்களோடது, அது சரி. படி செஞ்சவர் இடத்துல இனிமே அந்த ஆள் பேரைப் போட எனக்கு மனசு வரலை. அங்க யார் பேரைப் போடறது?

அண்ணி: அங்கேயும் என் பேரையே போடுங்க டாக்டர். அந்தக் காண்ட்ராக்டர் பட்டறையில இந்தப் படியை முதல் பலகையில இருந்து இழைச்சவ நான், அந்த எறும்பும் நான் செதுக்கினதுதான். புது நூலகத்துக்குப் படி செய்ய ஆள் தேடறவங்களுக்கும் இந்த ஊருக்கும் அதைக் காட்டத்தான் படம் எடுக்கவே கத்துக்கிட்டேன்.